பேர் ஒன்று, கார்ட் இரண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குப் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்க யோசிக்கும் பெற்றோரும், "சேர், கேம் ஓடுமா?" என்று எனக்கு மெசேஜ் போடும் பிள்ளைகளும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் கடந்து போகலாம், கோபமில்லை.

இந்த மாதம் மட்டும் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், ஜிடிஎக்ஸ் 960எம் போட்ட லெப்டொப் ஒன்றும், எம்எக்ஸ் 150 போட்டது ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இருக்கு. எதை எடுக்கிறது?" ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பிக் களைத்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதே கேள்விக்கு ஒரு தடவை நான் பிழையான பதில் சொல்லியிருக்கிறேன். அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2019இல் நடந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பையன். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்த அவனுடைய அண்ணன் மாதா மாதம் ஒதுக்கி வைத்த காசு அது. ஒரு மெல்லிய, பார்க்க அழகான லெப்டொப். ஒரு வருடம் பாவித்தது. மூடியைத் திறந்தேன். கீபோர்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எம்எக்ஸ் 150 என்று இருந்தது. அந்தக் கார்டைப் பற்றி நான் நல்லபடியாக வாசித்திருந்தேன். "நல்ல கார்ட், எடு மகன்" என்றேன். எடுத்தான்.

அடுத்த வருடம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள், ஒன்லைன் வகுப்புக்கு ஏதோ சரிவரவில்லை என்று அந்த லெப்டொப்பை என்னிடம் கொண்டு வந்தான். அதைச் சரிசெய்துவிட்டுச் சும்மா ஜிபியூ-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. எம்எக்ஸ் 150 என்ற ஒரே பேரில் இரண்டு கார்ட் இருக்கிறது. ஒன்று 25 வாட். மற்றது 10 வாட். இவனுடையது 10 வாட்.

"கேம் எப்படி ஓடுது மகன்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இழுக்குது சேர். பரவாயில்லை" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. லெப்டொப்பைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, வாங்கியாகிவிட்டதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற வாத்தியார், ஸ்டிக்கரைப் பார்த்து யோசனை சொல்லியிருக்கிறார் என்ற வெட்கம்.

என்னுடைய சாச்சா ஒருவர் இரத்தினபுரியில் முப்பது வருடமாகக் கல் வியாபாரம் செய்கிறார். சிறு வயதில் அவரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது கல்லைக் கொண்டுவந்து "நீலம்" என்று நீட்டினால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். பிறகு டோர்ச் அடிப்பார். புரட்டுவார். உள்ளே கீறல் இருக்கிறதா, சூடு காட்டின கல்லா, இல்லையா என்று பார்ப்பார். நம் மண்ணில் வெள்ளையாக, பால் கலந்தாற்போல் கிடைக்கும் கெவுடக் கல், சூடு காட்டினால் நீலமாகிவிடும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதுவும் நீலம்தான். ஆனால் சூடு காட்டாத நீலத்தின் விலை வேறு, இதன் விலை வேறு. சூடு காட்டி விற்பதில் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். "பேரைக் கேட்டு விலை பேசினால், வீட்டை விற்றுத்தான் கடன் அடைக்க வேண்டும்" என்பார் சாச்சா. கல்லுக்கு இவ்வளவு பார்க்கிற ஊரில் வளர்ந்த நான், லெப்டொப்புக்குப் பேரை மட்டும் பார்த்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப் பிடிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நம் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டை ஒரு கொழுந்து மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் கோர்கள், கொழுந்து பறிக்கும் ஆட்கள். மெகாஹேர்ட்ஸ் என்பது அவர்களுடைய கை வேகம். கார்டில் உள்ள மெமரி, பறித்த கொழுந்தைக் கொட்டி வைக்கும் மடுவம். மெமரி பேண்ட்வித் என்பது மடுவத்துக்கும் மலைக்கும் இடையில் உள்ள பாதையின் அகலம். வாட் என்பது அந்த ஆட்களுக்குப் போடும் சாப்பாடு.

ஜிடிஎக்ஸ் 960எம் 2015 மார்ச்சில் வந்தது. மெக்ஸ்வெல் என்ற பழைய தலைமுறை, 28 நனோமீற்றர். 640 ஆட்கள். கை வேகம் சுமார் 1100 மெகாஹேர்ட்ஸ். பாதை 128 பிட் அகலம், செக்கனுக்கு 80 கிகாபைட் போய் வரலாம். மடுவம் 2 அல்லது 4 கிகாபைட். இது கேம் விளையாடுவதற்கென்றே செய்த தடித்த லெப்டொப்களில் போட்ட கார்ட்.

எம்எக்ஸ் 150, 2017 மே மாதம் வந்தது. பாஸ்கல் தலைமுறை, 14 நனோமீற்றர். ஆட்கள் 384 பேர்தான். ஆனால் 25 வாட் கார்டில் கை வேகம் 1468 இலிருந்து 1532 மெகாஹேர்ட்ஸ் வரை. பாதை 64 பிட், செக்கனுக்கு 48 கிகாபைட். மடுவம் இதிலும் 2 அல்லது 4. இது மெல்லிய லெப்டொப்களுக்காகச் செய்த கார்ட்.

ஆட்கள் குறைவு, கை வேகம் அதிகம். ஆட்கள் அதிகம், கை வேகம் குறைவு. கடைசியில் மடுவத்தில் நிறுத்துப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். பெரும்பாலான கேம்களில் 960எம் கொஞ்சம் முன்னால் போகும். ஸ்கிரீனை முழு எச்டியில் வைத்து விளையாடினால் பாதை அகலம் உள்ள 960எம்மின் கை இன்னும் ஓங்கும். ஜிடிஏ 5, டோட்டா 2, கிரிக்கெட், கால்பந்து மாதிரியான கேம்கள் இரண்டிலும் செட்டிங்ஸைக் குறைத்து வைத்து நன்றாக விளையாடலாம். 2023 செப்டெம்பரில் பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்கின் இடத்துக்கு வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுக்குமே பாரம்தான். கேமைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றால் 960எம்தான் பதில்.

ஆனால் அந்த 10 வாட் எம்எக்ஸ் 150ஐ இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதிலும் அதே 384 ஆட்கள்தான். சாப்பாடு பாதிக்கும் குறைவு. அதனால் கை வேகம் 937 இலிருந்து 1038 வரைதான். அதாவது மூன்றில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. பாதையிலும் 48க்குப் பதில் 40. நோட்புக்செக் என்ற லெப்டொப் விமர்சனத் தளம் 2018 மார்ச்சில் இதை வெளியே கொண்டுவந்தது. ஸ்டிக்கர் ஒன்றுதான், பேரும் ஒன்றுதான். தோட்டத்தில் முழுப் பேர், அரைப் பேர் என்று சொல்வோமே, அப்படி இது அரைப் பேர் கார்ட். இதே தலைவலி 940எம்எக்ஸிலும் உண்டு. அதில் டிடிஆர்3 மெமரி போட்டதும் இருக்கிறது, ஜிடிடிஆர்5 போட்டதும் இருக்கிறது. ஒன்றின் பாதை சுமார் 16 கிகாபைட், மற்றதன் பாதை 40.

இப்போது இரண்டாவது கதை. போன வருடம், 2025.

மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பையன். சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் போன். போனில் இரண்டு லெப்டொப்பின் படம். ஒன்று 960எம், தடித்தது, கீபோர்டில் சிவப்பு லைட் எரியும். விலை 88,000. மற்றது எம்எக்ஸ் 150, மெல்லியது. விலை 85,000. பையனுடைய கண் முழுக்க சிவப்பு லைட்டில்தான்.

அம்மா கொழுந்துக்குப் போகிறவர். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கோர், வாட் என்று பையனோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, விரலில் ஏதோ எண்ணிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எம்பத்தஞ்சாயிரம்னா அறுபத்து மூணு பேரு சேர்."

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 85,000ஐ 1,350ஆல் பிரித்துப் பாருங்கள். 63. அவருடைய அறுபத்து மூன்று நாள். மழை பெய்தாலும், அட்டை கடித்தாலும், கொழுந்து குறைந்த மாதத்திலும் போய் விழுத்திய பேர். சீட்டு எடுத்த காசோடு தன் பேர்க்காசையும் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு 2019 ஞாபகம் வந்தது. ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டால் அதுவும் ஓர் அமானிதம் என்று மதரஸாவில் படித்தவன் நான். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

பையனிடம் கேட்டேன், "இது என்னத்துக்கு மகன்?"

அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "படிக்கத்தான் சேர். ஏ.எல். டெக்னோலொஜி செய்யப் போறேன்."

படிக்க மட்டும் என்றால் இந்த இரண்டு கார்டுமே தேவையில்லை. கார்டே இல்லாத லெப்டொப் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதைச் சொன்னேன். பையனுடைய முகம் விழுந்துவிட்டது. அம்மாவின் பக்கம் திரும்பி, "அக்கா, இவன் இதில் கேமும் விளையாடப் போகிறான். அதற்குத்தான் இந்தக் கார்ட் கேட்கிறான். அதைத் தெரிந்துகொண்டு காசு கொடுங்கள்" என்றேன்.

பையன் குனிந்துகொண்டான். அந்த அம்மா சிரித்தார்.

"தெரியும் சேர். போன்ல விளையாடுறத நான் பாக்குறது இல்லையா? விளையாடட்டும். லயத்துல இவனுக்கு வேற என்ன இருக்கு? படிக்கவும் செய்யணும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதை சுலபமாகிவிட்டது. மறைக்க ஒன்றுமில்லாததால் சரியான கேள்விகளைக் கேட்க முடிந்தது.

முதலாவது கேள்வி கரண்ட். 960எம் லெப்டொப்களில் பெரும்பாலும் 45 வாட் ப்ரோசசர், அதோடு இந்தக் கார்ட். சாஜரே 120, 135 வாட் என்று செங்கல் மாதிரி இருக்கும். எம்எக்ஸ் 150 பெரும்பாலும் 15 வாட் ப்ரோசசரோடு வரும். சாஜர் 65 வாட் அளவில். கேம் ஓடும்போது முன்னது சுமார் 100 வாட், பின்னது சுமார் 50 வாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 9 யூனிட், மற்றதில் நாலரை யூனிட். நாலரை யூனிட் பெரிதா என்று கேட்கலாம். மாதத்துக்கு 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிடும். பல லயன் வீடுகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உங்கள் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது இடி. சப்ரகமுவயில் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரமானால் எப்படி இடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ப்ளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். 960எம் லெப்டொப் ப்ளக் இல்லாமல் கேம் ஓட்டினால் வேகம் விழுந்துவிடும். பத்து வருடப் பழைய பெட்டரி என்றால் சில நிமிடத்தில் அணைந்தும் விடும். மற்றதிலும் பெட்டரியில் கேம் ஓடினால் குறையத்தான் செய்யும். ஆனால் கேமை மூடிவிட்டுப் படிக்க, எழுத இரண்டு மணித்தியாலமாவது தாங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை.

மூன்றாவது சூடும் புகையும். இது யாரும் யோசிக்காதது. விறகடுப்பு எரியும் வீட்டில் லெப்டொப்பின் ஃபேன் புகைக்கரியையும் தூசியையும் சேர்த்து இழுக்கும். நம் ஊர் ஈரத்தோடு சேர்ந்தால் அது பசை மாதிரிப் படியும். அதிகம் சூடாகும் லெப்டொப் என்றால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் அதிகம் இழுக்கும். 2015, 2016இல் செய்த லெப்டொப் என்றால் ப்ரோசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் இந்நேரம் காய்ந்திருக்கும். திறந்து துப்பரவு செய்து புதுப் பேஸ்ட் பூசும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது விண்டோஸ். என்னைப் பொறுத்தவரை முடிவை மாற்றியது இதுதான். 960எம் வந்த லெப்டொப்களில் பெரும்பாலும் இன்டெலின் நான்காம், ஆறாம் தலைமுறை ப்ரோசசர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். எப்படியாவது வளைத்து விண்டோஸ் 11ஐப் போடலாம், போடுகிறவர்களும் உண்டு. ஆனால் வெலோரன்ட் மாதிரியான கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் இரண்டும் சரியாக இருந்தால்தான் ஓடும். எம்எக்ஸ் 150 வந்த லெப்டொப்களில் பல எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 நேர் வழியில் ஏறும்.

கார்டிலேயே ஒரு வித்தியாசமும் இருக்கிறது. 960எம் பழைய தலைமுறை என்பதால், டைரக்ட் எக்ஸ் 12இன் புதிய அம்சங்களைக் கட்டாயம் கேட்கும் சில புதிய கேம்கள் அதில் திறக்கவே திறக்காது. எம்எக்ஸ் 150இல் திறக்கும். நன்றாக ஓடுமா என்பது வேறு கதை. மறுபக்கத்தில், விளையாடுவதை ரெக்கோர்ட் பண்ணி யூடியூப்பில் போட ஆசைப்படும் பிள்ளைகள் கவனியுங்கள். வீடியோ என்கோட் செய்யும் பகுதி 960எம்மில் இருக்கிறது, எம்எக்ஸ் 150இல் இல்லை. எம்எக்ஸ் காரர்கள் இன்டெல் ப்ரோசசரில் உள்ள வசதியை வைத்துத்தான் ரெக்கோர்ட் செய்ய வேண்டும். செய்யலாம், சிக்கலில்லை.

இரண்டு கார்டுக்கும் பொதுவான ஒரு செய்தி. மெக்ஸ்வெல், பாஸ்கல் இரண்டு தலைமுறைக்கும் புதிய கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். ஆகவே இனி வரப்போகும் கேமை நினைத்து இந்த இரண்டில் எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வந்து, நீங்கள் விளையாட ஆசைப்படும் கேமை நினைத்து வாங்குங்கள்.

இவ்வளவையும் சொல்லி முடிய, பையனே "அப்ப எம்எக்ஸ்தான் சேர்" என்றான். "இருபத்தஞ்சு வாட்டா என்று பார்த்துவிட்டு" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். போனில் படம் காட்டிய அந்த 85,000 ரூபா லெப்டொப்பை மேசையில் வைத்தார்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டு, பென் டிரைவில் கொண்டுபோன ஜிபியூ-இசட்டைத் திறந்தேன். டிவைஸ் ஐடி என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 1டி10 என்றால் 25 வாட் கார்ட். 1டி12 என்றால் 10 வாட்.

1டி12 என்று இருந்தது.

விற்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஸ்டிக்கரைத்தான் அவரும் நம்பியிருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். "அப்ப இனி நான் சொல்லித்தான் விற்க வேணும்" என்றார். அல்லாஹ் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யட்டும்.

பையன் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா மட்டும், "காசு கையிலதான இருக்கு, அது எங்க போயிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு லெப்டொப் பார்த்தோம். ஒன்றின் கீல் உடைந்திருந்தது. மற்றது 1டி10. எட்டாம் தலைமுறை ஐ5, 8 கிகாபைட் ரெம், எஸ்எஸ்டி. 4 கிகாபைட் மெமரி உள்ள எம்எக்ஸ் 150. அரை மணித்தியாலம் கேம் ஓட்டிப் பார்த்தோம், வேகம் விழவில்லை. 79,000க்கு முடிந்தது. மிச்சக் காசில் அம்மா ஒரு நல்ல மல்டி ப்ளக் வாங்கிக்கொண்டார். பையன் இப்போது உயர்தரம் டெக்னோலொஜி படிக்கிறான். ஜிடிஏயும் ஓடுகிறது என்று கேள்வி.

இனி, வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக.

வீட்டில் கரண்ட் பிரச்சினை இல்லை, லெப்டொப் ஒரே இடத்தில் ப்ளக்கில் இருக்கும், கேம்தான் முக்கியம் என்றால் 960எம் நல்ல கார்ட். 4 கிகாபைட் மெமரி உள்ளதாகப் பாருங்கள். ஆனால் பத்து வருடப் பழைய பொருளுக்கு எம்எக்ஸ் 150ஐ விடக் கூடுதலாக ஒரு சதமும் கொடுக்காதீர்கள். குறைத்துக் கேளுங்கள்.

படிப்பும் வேண்டும், விளையாட்டும் வேண்டும், பையில் போட்டு வகுப்புக்கும் கொண்டுபோக வேண்டும் என்றால் 25 வாட் எம்எக்ஸ் 150, எட்டாம் தலைமுறை ப்ரோசசரோடு. 10 வாட் ஒன்று மிகவும் குறைந்த விலைக்கு வந்தால், அது என்னவென்று தெரிந்துகொண்டு எடுங்கள். பிழையில்லை. தெரியாமல் எடுப்பதுதான் பிழை.

அதே விலைக்கு இன்டெல் பதினோராம் தலைமுறை ஐரிஸ் எக்ஸ்ஈ உள்ள லெப்டொப் கிடைத்தால் அதையும் பாருங்கள். ரெம் இரண்டு துண்டாகப் போட்டிருந்தால் தனிக் கார்டே இல்லாமல் எம்எக்ஸ் 150க்குப் பக்கத்தில் வரும். கரண்டும் மிச்சம்.

எதுவாக இருந்தாலும் ஜிபியூ-இசட் போட்டுப் பாருங்கள். டிவைஸ் ஐடி, மெமரி வகை, பாதை எத்தனை பிட், இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். பிறகு குறைந்தது இருபது நிமிடமாவது கேம் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லா லெப்டொப்பும் நன்றாகத்தான் ஓடும். சூடான பிறகு என்ன செய்கிறது என்பதுதான் கதை. பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக அந்த முதல் பையன். இப்போது கொழும்பில் ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை. இந்தப் பதிவை எழுதுவதற்கு முன் அவனுக்குப் போன் எடுத்தேன். 2019இல் நான் சரியாகப் பார்க்காமல் சொன்னதையும், 2020இல் தெரிந்தும் வாய் மூடியிருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் சேர். லொக்டவுன்ல யூடியூப்ல பார்த்தேன்."

"பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க கவலைப்படுவீங்க என்று நினைச்சேன். அண்ணாட்டதான் சொல்லவே இல்லை. அவர் இன்னும் அது நல்ல கார்ட் என்றுதான் நினைச்சிட்டு இருக்கார்."

ஆறு வருடமாக நான் அவனுக்கு மறைத்தேன், அவன் எனக்கு மறைத்தான், இரண்டு பேரும் சேர்ந்து காசு கொடுத்த மனிதருக்கு மறைத்திருக்கிறோம். அண்ணனுடைய நம்பரை வாங்கியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் அவரோடும் கதைப்பேன்.

பாவித்த லெப்டொப் வாங்குமுன் பார்த்துத் தரவேண்டும் என்றால் சனிக்கிழமை காலையில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், அல்லது விற்பவரிடம் கேட்டு ஜிபியூ-இசட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். காசு எதுவும் வேண்டாம், துஆ செய்தால் போதும். பிள்ளைகளே, ஒரேயொரு வேண்டுகோள். கேமுக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் கேமுக்கு என்றே சொல்லுங்கள். அம்மாமாருக்கு எப்படியும் தெரிந்துதான் இருக்கிறது.